களிக்கு ஒரு கஸின்!

காலேஜ் கேன்டீன் பக்கம் ஒல்லியா ஒருத்தன் நடந்து வந்தா என்ன சொல்லிக் கூப்பிடுவோம்? ‘வாடா எத்தியோப்பியா!’ நீங்க சொன்னதே இல்லையா? சரி, பக்கத்துல நின்னு சிரிச்சிருப்பீங்க. நானும்தான். 1984-85-ல் அந்த நாட்டில் வந்த பஞ்சத்தை உலகமே டி.வி.யில் பார்த்தது. எலும்பும் தோலுமாகக் குழந்தைகள். அந்தப் படம் அப்படியே மனசில் ஒட்டிக்கிச்சு. நாற்பது வருஷம் ஓடிப் போச்சு, இன்னும் எத்தியோப்பியா என்றால் நமக்குப் பசிதான் ஞாபகம் வருது.

இப்போ கொஞ்சம் நம்ம பக்கம் வாங்க. சென்னையில் யார்கிட்டயாவது, ‘எனக்குக் கள்ளக்குறிச்சி’ன்னு சொல்லிப் பாருங்க. ‘ஓ... அந்தச் சாராய மேட்டர்...’ என்று இழுப்பார்கள். 2024 ஜூன் மாதம் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போனதில் இருந்து நம்ம ஊருக்கும் அதே கதிதான். ஒரு ஊரை ஒரே ஒரு கெட்ட செய்தியை வெச்சு ஞாபகம் வெச்சுக்கிட்டா எப்படி வலிக்கும்னு நமக்கு இப்போ தெரியும். அதனால எத்தியோப்பியாவைப் பத்திப் பேச நமக்குத்தான் முழுத் தகுதி இருக்கு பாஸ். ஆனா, பேசப் போறது பஞ்சத்தைப் பத்தி இல்லை. சாப்பாட்டைப் பத்தி!

அதுக்கு முன்னாடி ஒரு டிபன் பாக்ஸ் கதை.

என் கிளாஸில் கல்வராயன் மலையில் இருந்து வந்த பையன் ஒருத்தன் இருந்தான். பேர் வேண்டாம். லஞ்ச் பெல் அடிச்சா நாங்க எல்லாம் நாலு டப்பாவைத் திறந்து நடுவுல வெச்சு ஆளுக்கு ஆள் பாய்வோம். அவன் மட்டும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னாடி போயிடுவான். ஒரு நாள் விடாமல் பிடிச்சு இழுத்து வந்து, டப்பாவைப் பிடுங்கித் திறந்தோம். உள்ளே கருப்பா ஒரு உருண்டை. மேலே மொச்சைக்கொட்டைக் குழம்பு. ‘என்னடா இது, ரோடு போட்ட தாரா?’ன்னு ஒரு குரல். எல்லாரும் சிரிச்சாங்க. அந்தக் குரல் என்னுடையதுதான். டிகிரி முடிகிற வரைக்கும் அவன் அப்புறம் டப்பாவே கொண்டு வரலை.

அந்த உருண்டைக்கு எத்தியோப்பியாவில் சொந்தக்காரங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரிய வந்தது ரொம்ப வருஷம் கழிச்சு.

எத்தியோப்பியாவுக்குப் பாடம் நடத்தப் போன இந்திய வாத்தியார்கள் ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை. ஹெய்லி செலாசி ராஜாவாக இருந்த காலத்தில் இருந்தே பள்ளிக்கூடங்களுக்குப் போயிருக்காங்க. 2000-க்குப் பிறகு அந்த நாடு புதுசு புதுசா யுனிவர்சிட்டி திறந்தபோது நம்ம பக்கத்து லெக்சரர்கள் பல பேர் பெட்டி கட்டினார்கள். அப்படிப் போய்த் திரும்பின ஒருத்தர் வீட்டுக்கு ஒரு தடவை போயிருந்தேன். ‘சாப்பிட்டுப் போ’ன்னு உட்கார வெச்சார். நாங்க நாலு பேர். தட்டு ஒண்ணே ஒண்ணு!

தட்டே சாப்பாடு!

தாம்பாளம் சைஸுக்கு ஒரு பெரிய வட்டத் தட்டு. அதுல தட்டை மறைக்கிற அளவுக்குப் பெரிய தோசை மாதிரி ஒண்ணு விரிச்சிருந்தது. மேலே பூராவும் பொடிப் பொடி ஓட்டை. இதுதான் இஞ்செரா. அது மேல நம்ம கோலப்பொடி வைக்கிற மாதிரி குவியல் குவியலாக் குழம்பு. சிவப்பா ஒண்ணு, மஞ்சளா ஒண்ணு, பிரவுனா ஒண்ணு, பச்சையாக் கீரை ஒண்ணு. கிண்ணம் கிடையாது, ஸ்பூன் கிடையாது. ஓரத்துல சுருட்டி வெச்ச இஞ்செராவைப் பிய்ச்சு, குழம்பைக் கிள்ளி எடுத்து, அப்படியே வாய்க்குள்ளே. வலது கை மட்டும்தான். அங்கே வீடுகளில் சாப்பிடறதுக்கு முன்னாடி ஒருத்தர் செம்பும் பேசினுமாக வந்து ஒவ்வொருத்தர் கையிலும் தண்ணி ஊத்துவாங்களாம். தட்டை வைக்கிறதுக்குப் புல்லில் பின்னின, கலர் கலரான ஒரு கூடை மேஜை உண்டு. பேர் மெசோப்.

குழம்புக்கு அவங்க பாஷையில், அதாவது அம்ஹாரிக்கில், ‘வொட்’. சிவப்பா இருந்தது மிசிர் வொட். அதாவது மைசூர் பருப்பு. மஞ்சள், கிக் அலிச்சா. உடைச்ச பட்டாணியில் காரம் போடாமல் மஞ்சள்தூள் போட்டு வேக வெச்சது. நம்ம வீட்டுப் பருப்புக் கடைசல்தான், பேர் மட்டும் வேற. பிரவுன் கலர் ஷிரோ. கொண்டைக்கடலை மாதிரி பயறுகளை வறுத்து, மசாலா சேர்த்து அரைச்ச மாவைத் தண்ணியில் கரைச்சுக் கொதிக்க விடறது. ஹாஸ்டல் பசங்களுக்குச் சுலபமாப் புரியணும்னா, பூரிக்கு ஊத்துற பாம்பே சட்னிக்கு அண்ணன்!

வித்தியாசம் எங்கே வருதுன்னா, வெங்காயத்தில். நாம எண்ணெய் ஊத்தி, கடுகு போட்டு, அப்புறம்தான் வெங்காயம். அவங்க வெறும் சட்டியில் வெங்காயத்தைப் போடுறாங்க. எண்ணெய் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி தெளிச்சுக்கிட்டே, அது கரைஞ்சு கூழாகிற வரைக்கும் வதக்கு வதக்குன்னு வதக்கணும். அப்புறம்தான் எண்ணெய். அப்புறம் ‘பெர்பெரே’ங்கிற மசாலாப் பொடி. அதுல என்னென்ன இருக்குன்னு கேட்டா நம்ம அம்மாவே அசந்துடுவாங்க. காய்ந்த மிளகாய், பூண்டு, இஞ்சி, மல்லி, சீரகம், வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், அந்த ஊர்க் காட்டு ஏலக்காய்... அஞ்சறைப்பெட்டியையே எடுத்துட்டுப் போயிட்டாங்களோன்னு தோணும். புளி மட்டும் இல்லை. புளிப்பை இஞ்செரா பார்த்துக்கும்.

அந்த இஞ்செரா எதில் செய்யறாங்க தெரியுமா? தெஃப் என்கிற தானியத்தில். கடுகைவிடப் பல மடங்கு சின்னது. கை தவறிக் கீழே போட்டா பொறுக்கவே முடியாது. மாவைக் கரைச்சு, போன தடவை மாவு மேல தேங்கின புளிச்ச தண்ணியைக் கொஞ்சம் ஊத்தி, ரெண்டு மூணு நாள் புளிக்க விடறாங்க. நம்ம வீட்டில் பழைய மாவு ஒரு கரண்டி சேர்க்கிறோமே, அதே டெக்னிக். அப்புறம் அதில் கொஞ்சம் மாவை எடுத்துக் கூழாக் காய்ச்சித் திரும்ப அதிலேயே கலந்து, மிதாத் என்கிற பெரிய மண் கல்லில் வட்டமா ஊத்தி மூடி போடறாங்க. திருப்பிப் போடறது கிடையாது. ஒரு பக்கம்தான் வேகும். மேல் பக்கம் ஓட்டை ஓட்டையாப் பூக்கும். அதுக்கு அவங்க வெச்ச பேர் ‘கண்’. கண் நிறைய இருந்தா நல்ல இஞ்செரா. ஆப்பத்துக்கு நாம பார்க்கிற அதே லட்சணம்!

பாதி வருஷம் சைவம்

‘ஆப்பிரிக்கான்னா கறிதானே சாப்பிடுவாங்க?’ங்கிற கேள்வி உங்களுக்குள்ள இருக்கும். கறி உண்டு. பச்சைக் கறி கூட உண்டு. ஆனா, எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு விரத நாட்கள் ஜாஸ்தி. புதன், வெள்ளி கட்டாயம். ஈஸ்டருக்கு முன்னாடி 55 நாள். எல்லாம் கூட்டினால் சாதாரண மக்களுக்கே வருஷத்துல சுமார் 180 நாள் வரும். அந்த நாட்களில் கறி இல்லை, முட்டை இல்லை, பால், வெண்ணெய், நெய் எதுவும் இல்லை. நம்ம புரட்டாசி சனிக்கிழமையிலாவது மோர் உண்டு பாஸ்! அதனாலதான் பருப்பையும் பயறையும் கீரையையும் வெச்சு விதவிதமாக் குழம்பு வைக்கக் கத்துக்கிட்டாங்க. நான் சாப்பிட்ட அந்தத் தட்டுக்கும் ‘விரதத் தட்டு’ன்னுதான் அர்த்தம் வர்ற பேர்: யெ சோம் பெயாய்நெத்து. ஓட்டலில் பேர் சொல்ல வாய் வரலைன்னா ‘பெயாய்நெத்து’ மட்டும் போதும், புரிஞ்சுக்குவாங்க.

சாப்பிட்டுட்டு இருக்கும்போதே வாத்தியார் ஒரு வாய் உருட்டினார். நீட்டினார். என் வாய்க்கு நேரா! எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. ‘வாயைத் திற, இது குர்ஷா’ன்னார். எத்தியோப்பியாவில் பக்கத்துல சாப்பிடறவங்களுக்கு ஒரு வாய் ஊட்டி விடறது மரியாதை, பிரியம். வாய் பெருசா இருந்தா பிரியமும் பெருசு. விருந்தாளிக்குக் கண்டிப்பா உண்டு. வேண்டாம்னா கோவிச்சுக்குவாங்க.

நமக்கு அம்மா ஊட்டுவாங்க, கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை பொண்ணுக்கு ஊட்டுவார். மத்தபடி? எச்சில்! ஒரே தட்டில் கை வைக்கிறது எச்சில், கடிச்சது எச்சில், அண்ணாந்து குடிக்கலைன்னா எச்சில். சுத்தம்னு சொல்லிக்கலாம். ஆனா, டீக்கடையில் ஒரு சாராருக்குத் தனி டம்ளர் வெச்சிருந்ததை நம்ம அப்பா தலைமுறை கண்ணால பார்த்திருக்கு. அது சுத்தத்துக்காக வெச்சது இல்லைன்னு உங்களுக்கே தெரியும். எத்தியோப்பியா மட்டும் என்ன சொர்க்கமான்னு கேட்டா, அதுவும் இல்லை. மண்பானை செய்யறவங்க, இரும்படிக்கிறவங்க, தோல் வேலை பார்க்கிறவங்களோட உட்கார்ந்து சாப்பிட மாட்டோம்னு தள்ளி வெச்ச வழக்கம் அங்கேயும் சில பகுதிகளில் உண்டு. ஒரே தட்டு இருந்தாலும், யார் யாரை அந்தத் தட்டுக்குக் கூப்பிடறாங்கங்கிறது வேற விஷயம்.

எனக்கு அப்போ அந்த சைக்கிள் ஸ்டாண்டுதான் ஞாபகம் வந்தது.

சாப்பிட்டு முடிச்சதும் வாத்தியார் இன்னொரு குண்டு போட்டார். ‘தெஃப் விலை ஏறிட்டா, இல்லை அது விளையாத பக்கமா இருந்தா, அங்கே வேற தானியத்திலும் இஞ்செரா ஊத்துவாங்க. சோளம், பார்லி, அப்புறம் டகுசா. டகுசான்னா என்ன தெரியுமா? நம்ம கேவுரு!’

மலைக்கு மலை தாவின தானியம்

கேழ்வரகு நம்ம மண்ணோட தானியம்னுதான் நானும் நினைச்சிட்டு இருந்தேன். தப்பு. அதை முதன்முதலாகக் காட்டுப்புல்லில் இருந்து பயிராக்கினது கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்து ஜனங்கள். எத்தியோப்பியாவில் இருந்து உகாண்டா வரைக்கும் நீள்கிற மலைநாடு அது. அங்கிருந்து கடல் தாண்டி இந்தியாவுக்கு வந்து மூவாயிரம் வருஷம் இருக்கும்னு ஆராய்ச்சியாளர்கள் கணக்கு சொல்றாங்க. புல் குடும்பத்திலும் தெஃப்பும் கேழ்வரகும் ஒரே கிளை. அதாவது நிஜமாவே கஸின்ஸ்!

அதோட முடியலை. சோளம் அந்தப் பக்கம், சூடான் எல்லையில் இருந்து வந்தது. கம்பு மேற்கு ஆப்பிரிக்கா. தட்டைப்பயறும் ஆப்பிரிக்காதான். மொச்சையோட காட்டு இனம் வளர்றதும் அங்கேதான். காபிச் செடி பிறந்ததே எத்தியோப்பியக் காட்டில். இப்போ யோசிச்சுப் பாருங்க... கேழ்வரகுக் களி, மேலே மொச்சைக் குழம்பு. நான் ‘தார்’னு கிண்டல் பண்ணின அந்த டப்பாவில் இருந்த ரெண்டுமே ஆப்பிரிக்காவில் இருந்து வந்த சொந்தம். மிளகாய் மட்டும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டு வந்தது. அந்த மிளகாய்தான் எத்தியோப்பியா வொட்டிலும் இருக்கு.

சாமை, வரகு ரெண்டும் நம்ம நாட்டிலேயே பயிரானது. அதை விட்டுக் கொடுக்க வேண்டாம்!

கொஞ்ச நாள் கழிச்சு நான் மலை ஏறினேன். கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டினா மலைப்பாதை. வளைஞ்சு வளைஞ்சு வெள்ளிமலை. மழைக்கு அப்புறம் போனீங்கன்னா ரெண்டு பக்கமும் பச்சை. நிறைய பேர் அருவியைப் பார்த்து, கரியாலூரில் போட்டோ எடுத்துட்டு இறங்கிடறாங்க. மலையில் இருக்கிறவங்க மலையாளி பழங்குடி மக்கள். உடனே ‘கேரளாவா?’ன்னு கேட்காதீங்க. மலையை ஆள்கிறவங்கங்கிற அர்த்தத்துல மலையாளி. தமிழ்தான் பேசறாங்க. காஞ்சிபுரம் பக்கத்தில் இருந்து வந்து மலை ஏறினோம்னு அவங்க வழிவழியாச் சொல்ற கதை. 1976 வரைக்கும் இந்த மலை மூணு ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் வாங்கி இருபத்தொன்பது வருஷம் கழிச்சுத்தான் இங்கே ஜமீன் ஆட்சி முடிஞ்சது.

தேடிப் போனது என் பழைய கிளாஸ்மேட் வீட்டை. அவன் ஒண்ணும் பேசலை, சிரிச்சான். அவங்க அம்மாதான், ‘வா கண்ணு, கை கழுவு’ன்னாங்க.

அடுப்பில் உலை. முதல்ல சாமை நொய்யைப் போட்டு வேக விட்டாங்க. கொதி வந்ததும் கேழ்வரகு மாவை நடுவில் மலை மாதிரி கொட்டி, கரண்டிக் காம்பால் ஒரு ஓட்டை போட்டு மூடி வெச்சாங்க. அப்புறம் சட்டியை இறக்கி, ரெண்டு காலாலும் அணைச்சுக்கிட்டு, துடுப்புக் கட்டையால் கிண்டினாங்க பாருங்க... ஜிம்முக்குப் போறவன் எல்லாம் ஒரு தடவை களி கிண்டிப் பார்க்கணும். ஈரக் கையில் உருட்டித் தட்டில் வெச்சு, உருண்டை நடுவில் கட்டை விரலால் ஒரு குழி. அந்தக் குழிக்குள்ளே மொச்சைக் குழம்பு. பக்கத்துல கீரைக் கடைசல். ஓரத்துல கிள்ளி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் முழுங்கணும். தட்டில் தானியம், அது மேலேயே குழம்பு, ஸ்பூன் கிடையாது, வலது கை. வாத்தியார் வீட்டுத் தட்டேதான்.

‘இன்னும் தினமும் களிதானாம்மா?’ன்னு கேட்டேன். அவங்க கையைக் காட்டின பக்கம் பூராவும் மரவள்ளிக் கிழங்கு. ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகுது. காசு வருது. குறை சொல்ல முடியாது, அந்தக் காசில்தான் பிள்ளைங்க காலேஜ் போறாங்க. சோத்துக்கு ரேஷன் அரிசி இருக்கு. அதுவும் நல்லதுதான், பசி இல்லை. ஆனா, சாமை விதைச்சா அதைக் குத்தி உமி நீக்கணும். உரலில் மணிக்கணக்கா உலக்கை போடறது பொம்பளைங்க. அரிசியும் கிடைச்சு, கிழங்குக்குக் காசும் கிடைச்சா யார் உலக்கை எடுப்பாங்க? கொல்லிமலையிலும் இதே கதைதான். அங்கே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியம் அரைக்கிற சின்ன மெஷின்களை ஊர்க் குழுக்கள்கிட்ட கொடுத்து, உலக்கை வேலையைக் குறைச்ச பிறகுதான் கொஞ்சம் பேர் திரும்பி வந்தாங்க. ‘பாரம்பரியத்தைக் காப்பாத்துங்க’ன்னு மேடையில் பேசறதைவிட ஒரு மெஷின் ஜாஸ்தி வேலை செய்யுது.

இன்னொரு காரணமும் இருக்குன்னு அந்த அம்மாவே சொன்னாங்க, அடுப்பைப் பார்த்துக்கிட்டு. ‘பையன் காலேஜ்ல களி கொண்டு போக மாட்டேன்னுட்டான். அவனுக்காகச் சோறு ஆக்க ஆரம்பிச்சோம். அப்புறம் எல்லாருக்கும் சேர்த்து அதுவே ஆயிப் போச்சு.’

நான் தட்டில் இருந்து தலை நிமிரலை. அவன் ‘இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தும்மா’ன்னான், எனக்கு.

தெஃப்புக்கு வந்த வழக்கு

எத்தியோப்பியாவிலும் தெஃப்பை ஏழைங்க சாப்பாடுன்னு யாரும் ஒதுக்கலை. அங்கே அதுதான் ஒசத்தி. அந்த ஒசத்தியே பிரச்னையும் ஆச்சு. குளூட்டன் இல்லாத தானியம்னு அமெரிக்கா, ஐரோப்பாவில் கிராக்கி ஏற, உள்ளூரில் விலை எகிறிடுமோன்னு பயந்த எத்தியோப்பிய அரசாங்கம் 2006-ல் தெஃப் தானிய ஏற்றுமதிக்கே தடை போட்டது. 2015-ல்தான் கொஞ்சம் தளர்த்தினாங்க. நடுவில் நெதர்லாந்துக் கம்பெனி ஒண்ணு தெஃப் மாவு பதப்படுத்துற முறைக்குப் பேட்டன்ட் வாங்கி வெச்சுக்கிச்சு! நம்ம மஞ்சளுக்கு அமெரிக்காவில் 1995-ல் பேட்டன்ட் கொடுத்து, இந்திய விஞ்ஞானிகள் போராடி 1997-ல் ரத்து பண்ண வெச்ச அதே கூத்து. கடைசியில் 2018 நவம்பரில் ஹேக் நகர நீதிமன்றம் அந்த நெதர்லாந்து பேட்டன்ட் செல்லாதுன்னு சொன்னது.

கேழ்வரகிலும் குளூட்டன் கிடையாது. கால்சியம் 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். அரிசியில் பத்துப் பக்கம்தான். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சது. அதே வருஷம் மே மாசம் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலா 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பிச்சாங்க. ஸ்டார் ஓட்டல் மெனுவில் ‘ராகி பால்’னு எழுதினா பில்லைப் பார்க்காமல் சாப்பிடறோம். டப்பாவில் வந்தா தார். நம்ம நாக்கு இங்கிலீஷ்லதான் ருசி பார்க்குமோ என்னமோ!

ரூமிலேயே செய்யலாம்

எத்தியோப்பியாவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். தெஃப்பும் தேட வேண்டாம். கள்ளக்குறிச்சி மளிகைக் கடையில் கிடைக்கிறதே போதும்.

முதல் நாள் ராத்திரி ரெண்டு கப் கேழ்வரகு மாவைத் தண்ணியில் கரைச்சு, ஒரு கரண்டி புளிச்ச தோசை மாவு சேர்த்து மூடி வைங்க. வெயில் காலம்னா ஒரு நாள், பனிக் காலம்னா ரெண்டு நாள். புளிப்பு வாசனை வந்ததும் அதில் அரை கப் மாவு எடுத்து, ஒரு கப் தண்ணியில் கூழாக் காய்ச்சி, ஆறினதும் திரும்பக் கலக்கிடுங்க. இந்த ஸ்டெப்பை விட்டா தோசை வெடிச்சுப் போகும். கல்லில் கனமா ஊத்தி மூடி போடுங்க. திருப்பாதீங்க.

குழம்புக்கு மூணு பெரிய வெங்காயத்தைப் பொடிப் பொடியா நறுக்கி, எண்ணெய் இல்லாமல் அடிகனமான சட்டியில் பதினைஞ்சு நிமிஷம். ஒட்டினா தண்ணி தெளிங்க. கண் எரியும், பொறுத்துக்குங்க. அப்புறம் நாலு ஸ்பூன் எண்ணெய், தட்டின இஞ்சி பூண்டு. ரெண்டு ஸ்பூன் மிளகாய்த்தூள், அதோட மல்லி, சீரகம், வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், ஒரு ஏலக்காய் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வறுத்துப் பொடிச்சது. தீயைக் குறைச்சு அஞ்சு நிமிஷம் வதக்கி, ஒரு கப் மைசூர் பருப்பு, மூணு கப் சுடுதண்ணி, உப்பு. அரை மணி நேரத்தில் கெட்டியாகிடும். கடைசியில் கடுகு தாளிக்கக் கை துடிக்கும். கூடாது! தாளிச்சா அது சாம்பாரின் தம்பி ஆயிடும்.

பக்கத்துல ஒரு கீரைக் கடைசல் இருந்தா பெயாய்நெத்து ரெடி. தட்டு ஒண்ணு போதும். கிளாஸில் டப்பாவைத் திறக்காமல் தனியாப் போய் உட்கார்ற ஆள் ஒருத்தர் எப்பவும் இருப்பாங்க. முதல்ல அவங்களைக் கூப்பிடுங்க. அவங்க டப்பாவில் இருக்கிறதும் தட்டு நடுவுக்கு வரட்டும், களியா இருந்தா குழி போட்டு. குர்ஷா ஊட்டறது உங்க இஷ்டம். எங்க வாத்தியார் மாதிரி பெரிய வாயா உருட்டினா திணறிப் போவாங்க, ஜாக்கிரதை.

ஒரு விஷயம் மட்டும். எல்லாக் குழம்பும் தீர்ந்த பிறகு, தட்டோடு ஒட்டிக்கிட்டு, எல்லாச் சாறும் ஊறிப்போய்க் கீழே ஒரு தோசை கிடக்கும். எத்தியோப்பியாக்காரங்க அதுக்காகத்தான் காத்திருப்பாங்களாம். அதை மட்டும் யாருக்கும் விட்டுடாதீங்க.